பதினைந்தாவது ஆடு

எங்கள் வீட்டில் இனிமேல் யாரும் தாயம் ஆடக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டது ஓர் அமாவாசை நாளில். அன்று மாலை அவர் வரிசையாக நான்காவது ஆட்டத்தில் தோற்றிருந்தார். கடைசிக் காய் பழமாக ஒரே ஒரு தாயம் தேவைப்பட்ட இடத்தில், சோழிகள் அவருக்கு ஆறும் பன்னிரண்டுமாக அள்ளிக் கொடுத்தன. அவற்றைத் துணியில் முடிந்து பரண்மேல் எறிந்தார். இது சோம்பேறிகள் ஆட்டம், மூளைக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். ஜெயித்தவர் என் மாமா. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறி ஓடாது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தது எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு தறிகள். மாதம் முழுக்க அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த எனக்கு, அமாவாசையன்று காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். மதியம் படையல் போட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டு, பெரியவர்கள் எல்லோரும் படுத்து எழுந்த பிறகு, விளக்கு வைத்ததும் பாய் விரித்து ஆட்டம் தொடங்கும். அந்த ஆட்டத்துக்காகத்தான் மாமா ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். ஐயம்பேட்டையில் தனியாக ஒரு வாடகை வீட்டில் ஒரு தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் வறுத்த வேர்க்கடலை இரண்டு பொட்டலம் வாங்கி வருவார். ஒன்று எனக்கு, இன்னொன்று என் அக்காவுக்கு. அக்காவின் பொட்டலம் எப்போதும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நான் இரண்டையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, நியாயம் கேட்டு அழுதிருக்கிறேன். கடைக்காரன் கட்டிக் கொடுத்தது, தனக்கு எதுவும் தெரியாது என்பார் மாமா.

தாயம் நின்றுபோனதும் அடுத்த அமாவாசை வெறிச்சோடிப் போனது. அப்பா ஜரிகை பற்றியும் சாயம் பற்றியும் பேசினார். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். இப்படியே போனால் அவர் வருவதையே நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. அப்பா ஒத்துக்கொள்ளக்கூடிய, மூளைக்கு வேலை உள்ள ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஒன்பது வயதில் நான் ஏற்றுக்கொண்டேன்.

அது கோயிலில் கிடைத்தது. சனிக்கிழமைகளில் அம்மா பிரகாரம் சுற்றும்போது நான் குளக்கரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே கல் தரையில் எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிய கோடுகள் உண்டு. கூம்பு மாதிரி ஒரு பெரிய முக்கோணம், அதன் குறுக்கே ஒரு நீளப் பெட்டி. அதுவரை அதைப் பழைய கோலம் என்றே நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பூக்கட்டுகிறவர் ஒருவரும், சுவாமி தூக்குகிற ஆள் ஒருவரும் அதன் இரண்டு பக்கத்திலும் குந்தியிருந்தார்கள். ஒருவரிடம் மூன்று கூழாங்கற்கள். மற்றவரிடம் ஒரு கை அரளி மொட்டு. இருவரும் பேசவே இல்லை. ரொம்ப நேரம் யோசித்து ஒருவர் ஒரு மொட்டை வைத்தார். மற்றவர் அதைவிட ரொம்ப நேரம் யோசித்து ஒரு கல்லை நகர்த்தினார். சோழி இல்லை, உருட்டல் இல்லை, சத்தம் இல்லை. இரண்டு வளர்ந்த ஆண்கள் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்து விதிகளைத் தெரிந்துகொண்டேன். கல் புலி, மொட்டு ஆடு. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாகக் கோடுகள் கூடும் புள்ளியில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பதினைந்தும் வைத்து முடியும்வரை வைத்த ஆடு நகரக்கூடாது. புலி நகரலாம், ஆட்டைத் தாண்டிக் குதித்தால் அந்த ஆடு செத்தது. ஆடுகள் எல்லாம் சேர்ந்து, மூன்று புலியும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் புலியைக் கட்டியாயிற்று, ஆட்டுக்கு ஜெயம்.

வீட்டுக்கு வந்து தறிகளுக்கு நடுவே தரையில் சாக்கட்டியால் வரைந்தேன். ராட்டினத்தில் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து பார்த்தாள். அவளுக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். கணக்கில் புலி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினி புலி, எத்தினி ஆடு?"

"மூணு, பதினஞ்சு."

"பதினெட்டு. நீ போட்டதுல புள்ளி பதினேழுதான் இருக்குது. எல்லாம் எங்க நிக்கும்? குறுக்கால ஒரு கோடு விட்டுட்டிருக்கற."

அவள் அந்தக் கோயில் தரையைப் பார்த்ததே இல்லை. என் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கி, சரியாக எந்த இடத்தில் கோடு விட்டுப்போயிற்றோ அந்த இடத்தில் போட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆடுகளைச் செய்ததும் அக்காதான். பதினைந்து புளியங்கொட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின்மேலும் கழித்துப் போட்ட வெள்ளைப் பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றினாள். அவை நிஜமாகவே குட்டி ஆடுகள் போல இருந்தன. புலிக்கு அம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்து மூன்று கொட்டைப்பாக்கு.

முதல் ஆட்டத்தில் அப்பா புலி, அக்கா ஆடு. அப்பாவுக்கு ஆட்டம் உடனே பிடித்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தவர் கால் மணி நேரம் நிமிரவில்லை. நடுவில் ஆழ்ந்த யோசனையில் ஒரு புலியை எடுத்து, பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். மாமா சிரித்த சிரிப்பில் தறிக்குழிக்குள் விழுந்துவிட்டார். அம்மா வேறு பாக்கு எடுத்துக் கொடுத்தாள். அப்படியும் அப்பா தோற்றார். இந்த முறை சோழியின்மேல் பழி போட வழியில்லாததால், விளக்கு வெளிச்சம் போதவில்லை என்றார்.

அதன்பிறகு அமாவாசை மாலைகள் மறுபடி உயிர் பெற்றன. ஆடாக இருந்தால் அக்கா அப்பாவை ஒவ்வொரு முறையும் ஜெயிப்பாள். மாமா புலியாக உட்கார்ந்தால் மட்டும் அவளால் முடியாது. மாமாவின் புலிகள் ஓரத்துக்கு ஒதுங்கவே ஒதுங்காது. கடைசி வரைக்கும் நடுவிலேயே நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பயமுறுத்தும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காய்களை டப்பாவில் போடுவாள். தோற்ற கோபத்தில் மாமாவை, "உனக்கு இதே பொழப்பா?" என்பாள். அவளுக்கும் மாமாவுக்கும் எப்போதும் நீ, வா, போ தான்.

அந்த வருஷம் தையிலிருந்தே வீட்டில் கல்யாணப் பேச்சு இருந்தது. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. அக்கா பிறந்த அன்றே, இவள் என் தம்பிக்கு என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆவணியில் முகூர்த்தம். கல்யாணத்துக்குப் பிறகு மாமா ஐயம்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து இரண்டாவது தறியில் உட்காருவார். இதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாருமில்லை. மாமா வீட்டோடு வந்துவிட்டால் எனக்குத் தினமும் அமாவாசைதான்.

வைகாசி அமாவாசையன்று மதியம் நான் கொல்லையில் கொய்யா மரத்தின்மேல் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் உள்ளே படுத்திருந்தார்கள். கிணற்றடியில் மாமா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அக்கா குடத்தோடு வந்து நின்றாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கோச்சிக்கக் கூடாது."

"என்னாது, புதுசா நீங்க வாங்கன்னுக்கினு?" என்று மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

டீச்சர் டிரெய்னிங் பள்ளிக்கு மனு போட்டிருந்ததாகவும், இடம் கிடைத்துவிட்டதாகவும், வந்த கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருப்பதாகவும் சொன்னாள். இரண்டு வருஷப் படிப்பு. ஆனியில் சேர வேண்டும். அம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தாளாம். என் தம்பியை வேண்டாம் என்கிறாயா என்று அம்மா அழுதுவிட்டாளாம்.

"நான் சொன்னா அம்மா தாங்காது. நீங்க சொன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

பாதிக் கிணற்றில் வாளி நின்றது. மாமா கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

"என்னப் புடிக்கலயா?"

"அப்பிடி இல்ல. புடிக்குதா புடிக்கலயான்னு நெனச்சிப் பாக்கறதுக்கே எனக்கு யாரும் நாள் குடுக்கல."

மாமா வாளியை மேலே இழுக்கவில்லை. மெதுவாக மறுபடியும் கீழேயே விட்டார். விளையாட்டுப் பேச்சுப் போலவே சொன்னார்.

"சரி. அடுத்த அமாவாசைக்கு ஆடு. நான் புலி. என்னைக் கட்டிட்டன்னா நானே மாமாகிட்ட பேசறேன்."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை.

"கட்டலன்னா?"

"கட்டலன்னா நீ இந்தப் பேச்ச எடுக்காத. அவ்ளோதான்."

மரத்தின்மேல் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. அக்கா புலியைக் கட்டிவிட்டால் மாமாவைக் கட்டிக்கொள்ள வேண்டாம். கட்டாவிட்டால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் முடித்துத் தப்பித்த ஒருத்தி மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக ஆசைப்படுவாள் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. ஏதோ பிடிவாதத்தில் பேசுகிறாள், அவளுக்காகவும் சேர்த்து நாம்தான் யோசிக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த மாதம் முழுவதும் அக்கா தார் சுற்றாத நேரமெல்லாம் தரைக் கோடுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் புலியாக உட்காரவைத்து ஆடுவாள். நான் ஜெயித்தாலும் தோற்றாலும் அவள் முகம் மாறாது. காய்களைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். அவள் நன்றாக ஆட ஆட எனக்குக் கலக்கம் அதிகமாயிற்று.

ஆனி அமாவாசையன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். வேர்க்கடலை வாங்கி வர மறந்துவிட்டார். அதை நான் கேட்கவும் மறந்துவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில், யாரும் பார்க்காதபோது டப்பாவைத் திறந்து ஓர் ஆட்டை எடுத்தேன். பாவாடையில் பை கிடையாது. கையில் வைத்திருந்தால் கேட்பார்கள். வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அப்பா மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து புலிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கினாள். அவர்கள் இருவருக்கும் அது எல்லா மாதமும் நடக்கிற ஆட்டம்தான். அப்பா சொன்ன எதையும் மாமா அன்று கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு கூர்மையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொடக்கத்திலேயே ஓர் ஆடு, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. எடுத்த ஆடுகளைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். ஆனாலும் அக்கா ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தாள்.

டப்பா காலியானது. எந்தக் கணக்கையும் இரண்டு முறை சரிபார்க்கிற அக்கா அன்று எண்ணவில்லை. எல்லா ஆட்டையும் வைத்துவிட்டதாக நினைத்து, ஓர் ஆட்டை நகர்த்தப் போனாள்.

"இரு" என்றார் மாமா. "இன்னும் ஒரு ஆடு வெக்கணும் நீ."

"எல்லாம் வெச்சாச்சி."

"கட்டத்துல பதினொண்ணு. என்னாண்ட மூணு. பதினாலுதான் ஆவுது."

அக்கா எண்ணினாள். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். போனால் போகிறது, இருக்கிறதை வைத்து ஆடு என்று அப்பா அவசரப்படுத்தினார். மாமா என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். ஆட்டைப் பார்த்தாயா என்று அவர் கேட்டார். வாயைத் திறக்க முடியாததால் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கண்கள் என் கன்னத்தில் ஒரு கணம் நின்றன. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. இனி சும்மா இருப்பார், நாம் அவர் பக்கம் என்று புரிந்துகொண்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

மாமா தன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தார். அதை அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதான் உன் பதினஞ்சாவது ஆடு. வை."

அந்த அதிர்ச்சியில் நான் ஆட்டை விழுங்கிவிட்டேன்.

அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அன்று மாலை முழுவதும் அவள் அவர் முகத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு குனிந்து, அந்த வெள்ளைப் பொத்தானைத் தூரத்தில் காலியாக இருந்த ஒரு புள்ளியில் வைத்தாள். நகர்த்தி நகர்த்திப் போயிருந்தால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஐந்தாறு நகர்வு பிடித்திருக்கும். அதற்குள் புலி வெளியே பாய்ந்திருக்கும். பொத்தான் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

மாமா அதற்குப் பிறகும் விடவில்லை. ஒவ்வொரு வழியாக முட்டிப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தோற்றதாக அக்காகூடக் கொஞ்ச நாள் நினைத்திருந்தாள். அது சரியல்ல. வளர்ந்த பிறகு அந்த ஆட்டத்தை மனசுக்குள் எத்தனையோ முறை ஆடிப் பார்த்திருக்கிறேன். அவர் ஓரிடத்திலும் விடவில்லை. ஜெயிக்கத்தான் பார்த்தார். மூன்று புலியும் அசைய முடியாமல் நின்றபோது அப்பாதான், ஐயையோ என்றார்.

"நல்லா கட்டிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா எழுந்தார். அப்பாவோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றார். இருவரும் வாசலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. அவர் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மாவின் கையில் இருந்த முறம் சரிந்து அரிசி கொட்டியது.

"என் பொண்ணு உனக்கு எதுல கொறச்சல்டா?"

"கொறச்சல் எனக்குத்தான்கா. எனக்கு இதுல இஷ்டம் இல்ல. அவ்ளோதான்."

"வளத்து ஆளாக்கினதுக்கு இதானா?"

அக்கா சுவரோரம் போய் நின்றுகொண்டு வாயைத் தாவணித் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மாமா அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்பது போல. சாப்பிடாமல் கிளம்பினார். வழக்கம்போலச் சைக்கிள் மணியை அடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடவும் இல்லை.

அம்மா மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் கோபம் வந்தது. தம்பிக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்று போனவன் எதிரில் தன் பெண் டீச்சராகி நிற்க வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டு, அக்காவைப் படிக்க அனுப்பச் சம்மதிக்க வைத்தவளே அம்மாதான். அரிசிப் பானைக்கு அடியிலிருந்த கடிதம் வெளியே வந்தது. அது எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. வயிற்றுக்குள் புளியமரம் முளைக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். விதைக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யோசித்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். வீடு இருந்த நிலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அக்காதான் கவனித்தாள். ஏன் உதடு இப்படிக் காய்ந்திருக்கிறது என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யா மரம், டப்பா, கன்னம், எல்லாவற்றையும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீ எடுத்தது மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் கன்னத்தப் பாத்தாரு. பாத்துட்டுதான் பொத்தானப் பிச்சாரு."

அக்கா மடித்துக்கொண்டிருந்த தாவணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டு சுற்றிய கொட்டை முளைக்காது, குடி என்றாள். டீச்சர் ஆகப் போகிறவள் சொல்கிறாளே என்று முழுச் சொம்பையும் குடித்தேன்.

அக்கா படித்து முடித்தாள். வாலாஜாபாத்தில் வேலைக்குப் போனாள். அவளுக்குப் பிடித்த ஒரு வாத்தியாரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாமாவுக்கும் சில வருஷங்கள் கழித்துக் கல்யாணம் ஆனது. அம்மா அந்தப் பந்தலில்தான் அவரோடு மறுபடி பேசினாள், கொஞ்சம் உர்ரென்று. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அக்கா ஊருக்குப் போன அந்த முதல் வருஷத்தில் மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றதற்கு இவ்வளவு கோபமா என்று நான் அவரை நினைத்து வருத்தப்பட்டேன். தாயத்தில் தோற்றால் அப்பாகூட மறுநாள் சரியாகிவிடுவாரே.

அடுத்த வைகாசியில் கருட சேவைக்கு அப்பாவோடு போயிருந்தேன். விடியற்காலையிலேயே கோபுரத்துக்கு முன்னால் ஊரே திரண்டிருந்தது. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மாமா நின்றிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன். அப்பா பார்த்தார். பார்க்காதவர் போலக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஆட்டத்துல தோத்ததுக்கா மாமா நீ வர்றதில்ல?"

"ஆமாம்பா. பெரிய தோல்வி இல்ல அது?" என்றார்.

"உனக்காகத்தான் நான் ஆட்ட ஒளிச்சி வெச்சேன். நீதான் கெடுத்துட்ட."

"தெரியும். நீ வாய மூடிக்கினு உக்காந்திருந்தது அன்னைக்கு ஒரு நாள்தானே."

"அப்ப ஏன் குடுத்த?"

மாமா என் தலையில் கை வைத்தார்.

"தெரியாம ஜெயிச்சிருந்தா பரவால்ல. தெரிஞ்சிட்டுதே."

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. அதற்குள் அவர் அக்காவைப் பற்றிக் கேட்டார். விடுதிச் சாப்பாடு அதற்கு ஒத்துக்கொள்கிறதா, காய்ச்சல் ஏதும் வந்ததா, ராத்திரி ரொம்ப நேரம் கண் விழித்துப் படிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார்களாம், அக்கா எடுத்தது பள்ளியிலேயே நன்றாக இருந்ததாம், கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது இதற்குத்தான் பிறந்தேன் என்று இருந்ததாம் என்று கடிதத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். நாளைக்கு அக்கா லீவில் வருகிறாள், வீட்டுக்கு வா என்றும் கூப்பிட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மேளம் முழங்கியது. கூட்டம் ஒரே அலையாக முன்னால் தள்ளியது.

நசுங்கிவிடுவேன் என்று மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பெரிய குடைகள் அசைந்தன. கோபுர வாசலின் இருட்டிலிருந்து கருடன்மேல் பெருமாள் வெளியே வந்தார். சுற்றிலும் எல்லோரும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு அழுதார்கள். குனிந்து பார்த்தேன். மாமாவின் கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் என் கால்களைப் பிடித்திருந்ததால் அவரால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. பெருமாளைப் பார்த்த ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து நானே கும்பிட்டுக்கொண்டேன்.